நாலு வரி ஃபார்முலாவும் ஒரு மாணவியின் மூவாயிரம் ரூபாயும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போடுகிற புதிர்க் கணக்கு இந்த வாரம் கிடையாது. நம் உதவித்தொகை நிதிக்குப் பணம் அனுப்புகிற ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். முதலில் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். அப்புறம் என் கருத்தைச் சொல்கிறேன். கருத்தோடு நீங்கள் சண்டை போடலாம், தவறோடு முடியாது. அது நடந்தே விட்டது.

போன வருடம் ஜூனில் 46 பிள்ளைகளுக்குத் தொகை கொடுத்தோம். விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். பத்தாம் வகுப்பில் 500க்கு 350க்கு மேல் எடுத்தால் 3,000 ரூபாய், 400க்கு மேல் 4,000, 450க்கு மேல் 5,000. தந்தை இல்லாத பிள்ளைக்கு 1,500 கூடுதல். தாயும் இல்லையென்றால் இன்னொரு 1,500. இதைக் கணக்குப் போட நான் ஒரு ஷீட் வைத்திருந்தேன். அதில் இஃப்புக்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப் என்று நாலு வரிக்கு நீண்ட ஒரு ஃபார்முலா. முதல் செல்லில் எழுதி, மூலையைப் பிடித்துக் கீழே இழுத்து, 46 பேருக்கும் நிரப்பினேன். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் எழுதியது, யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

அந்தப் பட்டியலில் ஒரு மாணவி. 418 மதிப்பெண். தாய் தந்தை இருவரும் இல்லை, பாட்டி வளர்க்கிறார். அவளுக்கு 7,000 போயிருக்க வேண்டும். போனது 4,000. பாட்டி வந்து, கும்பிட்டு, கையெழுத்துப் போட்டு, உறையை வாங்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தெரியவும் தெரியாது. செப்டம்பரில் ஆண்டுக் கணக்கை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோதுதான் என் கண்ணில் பட்டது. தந்தை என்ற கட்டத்தில் "இல்லை", தாய் என்ற கட்டத்தில் "இல்லை", கூடுதல் தொகை என்ற கட்டத்தில் பூஜ்யம்.

அரை மணி நேரம் பார்த்தேன். ஃபார்முலா சரி. எழுத்து சரி. கடைசியில் பார்த்தால் அந்த "இல்லை"க்குப் பின்னால் ஒரு வெற்றிடம். வாட்ஸ்அப்பில் வந்த விவரத்தை அப்படியே எடுத்து ஒட்டியதில் கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ஒரு ஸ்பேஸ். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. என் ஃபார்முலா கேட்ட கேள்வி இது: "இந்தக் கட்டம் 'இல்லை'யா? ஆமென்றால் 1,500. மற்றபடி பூஜ்யம்." அந்த "மற்றபடி" இரண்டு கட்டத்திலும் அவளை விழுங்கிவிட்டது.

மீதி 3,000 ரூபாயை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்குள் கடையில் கடன் சொல்லி நோட்டும் ஜியாமெட்ரி பாக்ஸும் வாங்கியிருந்தார்கள். அந்தப் பாட்டி என்னிடம், "பரவாயில்லங்க சார், நீங்க தர்றதே பெருசு" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ட்ரிம் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே சார், அதைச் சேர்த்திருந்தால் முடிந்தது" என்று உங்களில் பாதிப் பேர் இப்போது முணுமுணுப்பது கேட்கிறது. சேர்க்கலாம். ஆனால் இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வேறொரு வகை வெற்றிடமும் வரும், வரி உடையாமல் சொற்களைச் சேர்த்து வைப்பதற்கான ஸ்பேஸ். எக்செலின் ட்ரிம் அதைத் தொடாது. அதற்கு இன்னொரு ஃபங்ஷனை உள்ளே செருக வேண்டும். நாலு வரி ஆறு வரி ஆகும். ஃபார்முலாவுக்குள் ஒரு மருந்து குறைந்தது என்பதில்லை என் பிரச்சினை. அந்த ஃபார்முலாவை யாராலும் படிக்க முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. எழுதின என்னாலேயே மூன்று மாதம் கழித்துப் படிக்க முடியவில்லை. அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இங்கிருந்து என் கருத்து. ஒரே விதியை வருடா வருடம், வரிசை வரிசையாக, மனிதர்களின் பணத்தின் மேல் போடுகிற எவரும் அந்த விதியைச் செல்லுக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. அதைத் தனியே எடுத்து, ஒரு பெயர் வைத்து, வாசிக்கக்கூடிய மொழியில் ஓர் இடத்தில் மட்டும் எழுத வேண்டும். அதற்கு இன்றைக்கு நம் கையில் இருப்பவற்றில் நல்லது பைத்தான். பால் சொசைட்டிக்காரரும் சீட்டு நடத்துகிறவரும் கோயில் கமிட்டிக்காரரும்கூடக் கற்றுக்கொள்ளலாம் என்கிறேன். 68 வயதில் நான் கற்றேன்.

எப்படிக் கற்றேன் என்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். பேத்தியின் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 2019லிருந்தே இருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். கோயம்புத்தூரில் இருக்கிற நம் பழைய மாணவன் ஒருவன் இரவு ஒன்பது மணிக்கு மேல் போனில் சொல்லிக் கொடுத்தான். முதல் வாரம் முழுக்க எனக்கு வந்தது ஒரே பிழை. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பது முக்கியம். எந்த வரி எந்த நிபந்தனைக்குக் கீழே வருகிறது என்பதை அதை வைத்துத்தான் அது புரிந்துகொள்ளும். ஒரு வரியில் டேப், அடுத்த வரியில் ஸ்பேஸ் என்று கலந்து அடித்தால் ஏற்காது. "மார்ஜின் விட்டு எழுதுடா" என்று உங்கள் நோட்டைத் தூக்கிப் போட்டவனுக்கு இது வேண்டியதுதான் என்று அவன் சிரித்தான்.

பேத்தியிடம் கேட்டேன், "இதை வைத்து வீட்டுக் கணக்கு ஷீட்டில் ஒரு ஃபங்ஷன் போட முடியுமா?" என்று. அவள் முழித்தாள். பகா எண் கண்டுபிடிக்க நிரல் எழுதுகிறாள், ஃபிபனாச்சி எழுதுகிறாள். ஷீட்டும் பைத்தானும் ஒரே மேசையில் உட்கார முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியர்கள் மேல் குறை சொல்லவில்லை, பாடத்தை முடிப்பதே பெரும்பாடு என்று எனக்குத் தெரியாதா?

நான் பயன்படுத்துவது லிப்ரே ஆபீஸின் கால்க். இலவசம். விண்டோஸில் அதை நிறுவும்போதே பைத்தானும் உள்ளே சேர்ந்து வந்துவிடும். வேலை இரண்டு துண்டு. முதலாவது, பி-ஒய் என்று முடியும் ஒரு சாதாரணக் கோப்பில் விதியை எழுதி, லிப்ரே ஆபீஸின் பயனர் கோப்புறைக்குள் ஸ்கிரிப்ட்ஸ், அதற்குள் பைத்தான் என்ற இடத்தில் வைக்க வேண்டும். கோப்புறை இல்லாவிட்டால் நாமே உருவாக்கலாம். ஆனால் அங்கே வைத்ததும் செல்லிலிருந்து நேரடியாகக் கூப்பிட முடியாது. இங்கேதான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். செல்லுக்குத் தெரிந்தது பேசிக் மொழியில் எழுதிய ஃபங்ஷன்தான். ஆகவே இரண்டாவது துண்டாக, பேசிக்கில் நாலைந்து வரிப் பாலம் ஒன்று போட வேண்டும். செல் பாலத்தைக் கூப்பிடும், பாலம் பைத்தானைக் கூப்பிட்டு விடையை வாங்கித் தரும். பாலமே வேண்டாம் என்றால் ஆட்-இன் என்று முறைப்படி ஒரு நீட்சியாகக் கட்டலாம். அது என் வயதுக்கும் பொறுமைக்கும் அப்பாற்பட்டது, இளைஞர்கள் முயலுங்கள்.

எக்செல் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. எக்ஸ்எல்-விங்ஸ் என்ற கருவி வழியாகப் பைத்தான் ஃபங்ஷனைச் செல்லில் அழைக்கலாம். சொந்த ஃபங்ஷன் எழுதும் அந்த வசதி விண்டோஸில்தான் வேலை செய்யும், அந்தக் கம்ப்யூட்டரில் பைத்தானும் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2023 ஆகஸ்டில் எக்செலுக்குள்ளேயே பைத்தானை அறிமுகப்படுத்தியது. ஆனால் கணக்கு நடப்பது நம் மேசையில் இல்லை, அவர்களுடைய கிளவுடில். தாய் தந்தை இல்லாத பிள்ளைகளின் பட்டியலை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கூகுள் ஷீட்ஸில் சொந்த ஃபங்ஷன் எழுதலாம், ஆனால் ஜாவாஸ்கிரிப்டில்.

இப்போது என் ஷீட்டில் அந்த நாலு வரி போய்விட்டது. செல்லில் ஒரு பெயர், அடைப்புக்குறிக்குள் மதிப்பெண், தந்தை, தாய். அவ்வளவுதான். பைத்தான் கோப்பைத் திறந்தால் விதி வரி வரியாக, மேலிருந்து கீழாக இருக்கிறது. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். மதிப்பெண், அடிப்படைத்தொகை, கூடுதல் என்று. பைத்தான் 3 இதை அனுமதிக்கிறது. நம் கமிட்டியில் கம்ப்யூட்டரே தெரியாத பொருளாளரிடம் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். "சார், 400க்கு மேல்னா 400 சேர்ந்ததா, சேராததா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை ஏழு வருடமாக யாருமே கேட்டதில்லை. தீர்மான நோட்டில் "400க்கு மேல்" என்று எழுதியிருக்கிறது. நான் ஃபார்முலாவில் 400ஐ விடப் பெரியது என்று போட்டுவிட்டேன். பழைய பட்டியல்களைப் புரட்டினால் போன வருடமே சரியாக 400 எடுத்த ஒரு பையன் 3,000 வாங்கியிருக்கிறான். கமிட்டி கூடிப் பேசி, 400 எடுத்தவன் 4,000க்குத்தான் சேர்த்தி என்று எழுதி வைத்தது. அவனுக்கும் மீதியைக் கொடுத்தாயிற்று. ஃபார்முலா அடைப்புக்குறிக்குள் இருந்தவரை இந்தக் கேள்வி கேட்க அவருக்கு வாய்ப்பே இல்லை. வாசிக்கிற மாதிரி எழுதினால் எவ்வளவு லாபம் என்பதற்கு என்னிடம் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

இன்னொரு மாற்றம் அந்த "மற்றபடி". கட்டத்தில் "உண்டு" என்று இருந்தால் ஒரு வழி, "இல்லை" என்று இருந்தால் ஒரு வழி. இரண்டும் இல்லாமல் காலியாகவோ, கேள்விக்குறியோடோ, "தெரியவில்லை" என்றோ இருந்தால் பூஜ்யம் போடாதே, "பார்க்கவும்" என்று எழுது என்று சொல்லியிருக்கிறேன். ஒப்பிடுவதற்கு முன் ஸ்ட்ரிப் என்ற ஒரே சொல்லில் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடம் எல்லாம் போய்விடும், அந்த உடையாத ஸ்பேஸும் சேர்த்து.

தமிழ் எழுத்துக்கே உரிய ஒரு வம்பும் இருக்கிறது, கேளுங்கள். "பெற்றோர்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நாலு. ஷீட்டில் நீளம் பார்க்கும் ஃபங்ஷனைக் கேட்டால் எட்டு என்னும். புள்ளி, கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். சில பழைய எழுத்துரு மாற்றிகள் வழியாக வந்த "றோ"வில் கொம்பும் காலும் இரண்டு குறிகளாகப் பிரிந்து கிடக்கும். அப்போது ஒன்பது. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பைத்தானும் சும்மா ஒப்பிட்டால் இரண்டும் வேறு என்றுதான் சொல்லும். யூனிகோட்டேட்டா என்று கூடவே வரும் தொகுதியில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதில் ஒருமுறை முக்கி எடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிற தமிழர் எல்லோருக்கும் தேவையான வரி இது.

சந்தோஷத்துக்காக இன்னொன்று எழுதினேன். எக்செலில் பாட்டெக்ஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, எண்ணைத் தாய்லாந்து மொழியில் எழுத்தால் எழுதித் தரும். தாய்லாந்துக்கு உண்டு, தமிழுக்கு அப்படி உள்ளேயே வருவதில்லை. ரசீதில் "ரூபாய் எழுத்தால்" என்ற இடத்தை நான் கையால் நிரப்பிக்கொண்டிருந்தேன். சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தால் அப்பப்பா! நூறு தனியே வந்தால் நூறு, பின்னால் ஏதாவது வந்தால் நூற்று. ஆயிரம், ஆயிரத்து. எண்பது வரை ஒழுங்காக வந்துவிட்டு, தொண்ணூறில் ஒரு திருப்பம். 900 தொள்ளாயிரம், ஆனால் 9,000 ஒன்பதாயிரம். ஐநூறா ஐந்நூறா என்று நம் தமிழய்யாவுக்குப் போன் போட்டேன். இரண்டு ந் போடச் சொல்லி இருபது நிமிடம் இலக்கணம் நடத்தினார். இப்போது 7,500 என்று அடித்தால் "ஏழாயிரத்து ஐந்நூறு" என்று வருகிறது. வேண்டுகிறவர்கள் கேளுங்கள், தருகிறேன்.

எதிர்ப்புகளுக்கு வருவோம். சென்னையில் வங்கியில் இருக்கிற நம் மாணவி ஒருத்தி, "சார், எங்கள் ஆபீஸில் மேக்ரோ உள்ள ஃபைலையே திறக்க விடமாட்டார்கள்" என்றாள். அவர்கள் செய்வது சரி. முகம் தெரியாதவர் அனுப்பிய ஷீட்டில் மேக்ரோவை இயக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பைத்தானுக்கு உங்கள் கம்ப்யூட்டரில் எதையும் அழிக்கிற அளவுக்குக் கை நீளம். நான் சொல்வது நீங்களே எழுதியதற்கு, அல்லது எழுதியவரை உட்கார வைத்து வரிவரியாகக் கேட்டதற்கு மட்டும்.

தம்பி மகன் சொன்னான், "பெரியப்பா, ஏ.ஐ.யிடம் கேட்டால் முப்பது விநாடியில் எழுதித் தரும்." தரும். அந்தப் பேசிக் பாலத்தை எனக்கு எழுதித் தந்ததே அதுதான், மறைக்கவில்லை. ஆனால் 400 சேருமா சேராதா என்று அதனிடம் கேட்டு என்ன பயன்? அதை நம் கமிட்டிதான் சொல்ல வேண்டும். அது எழுதித் தந்தது சரியா என்று தெரிய, 349, 350, 399, 400, 449, 450 என்று ஓரத்து எண்களையெல்லாம் கையால் போட்டு வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். உங்களுக்குத் தேர்வுத்தாள் திருத்தும்போதும் ஓரத்தில் நிற்கிறவனைத்தான் இரண்டு முறை பார்ப்பேன்.

பைத்தான் வந்தால் தவறே வராது என்று நான் சொல்லவில்லை. 2010ல் பொருளாதாரப் பேராசிரியர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் நாடுகளின் கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செலவைக் குறைக்கச் சொன்ன அரசியல்வாதிகள் பலர் அதைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். 2013ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அவர்களிடமே ஷீட்டை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலா ஐந்து நாடுகளின் வரிகளை விட்டுவிட்டிருந்தது. பேராசிரியர்களும் அந்தத் தவறை ஒப்புக்கொண்டார்கள், முடிவு மாறாது என்று வாதாடினார்கள் என்பது வேறு. அந்தக் கணக்கைப் பைத்தானில் எழுதியிருந்தாலும் ஐந்து நாடுகளை விட்டிருக்கலாம். கண்டுபிடித்தது இன்னொரு ஜோடிக் கண். ஒரு மாணவரின் கண். அதை வாத்தியார் நான் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு.

என்னை உறுத்துகிற எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அதை எழுப்பியது என் மனைவி. "இதெல்லாம் உங்க லேப்டாப்பில் இருக்கு. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆனா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. ஷீட்டை மட்டும் இன்னொருவருக்கு அனுப்பினால், அவர் கம்ப்யூட்டரில் பைத்தான் கோப்பும் பாலமும் இல்லாவிட்டால், தொகை வர வேண்டிய இடத்தில் பிழைச் செய்திதான் வரும். பழைய அசிங்கமான ஃபார்முலாவாவது ஷீட்டோடு கூடவே போகும். இந்த ஒரு விஷயத்தில் அது மேல்.

அதனால்தான் இந்தப் பதிவு. வருகிற இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஊரிலேயே இருக்கிறவர்களாக இருந்தால் நல்லது. ஒருவருக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்கட்டும், ஒருவருக்குத் தெரியாமல் இருக்கட்டும். கோப்பை இரண்டு பேர் லேப்டாப்பிலும் வைத்து, நான் பக்கத்து அறையில் இருக்க, நீங்களே இந்த வருடப் பட்டியலைப் போட்டுக் காட்ட வேண்டும். மதியச் சாப்பாடு உண்டு. என் கோப்பில் தவறு கண்டுபிடிக்கிறவருக்குப் பாயசம் இரண்டாவது டம்ளர்.

இந்த வருடம் 51 விண்ணப்பம் வந்திருக்கிறது. அதில் நாலு பெயருக்கு நேரே "பார்க்கவும்" என்று நிற்கிறது. இரண்டு வீட்டுக்கு நேற்று போய் வந்தேன், மீதி இரண்டுக்கு நாளை காலை பஸ்ஸில் போகிறேன்.